பொருள் புதிது: படகின் தலைமேல் ஒரு வளைவு... தாங்குவது யார்?

அந்த ரீல்ஸை அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். நீல நிற ஏரி. சீறிப் பாயும் படகு. பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண். காலில் கட்டிய பலகையோடு படகு எழுப்பும் அலையில் ஏறி, காற்றில் ஒரு சுற்று சுற்றி, மறுபக்கம் தண்ணீரில் இறங்குகிறாள். ஒரு லைக் போட்டுவிட்டு விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

அடுத்த முறை அந்த வீடியோ வந்தால், பெண்ணை விட்டுவிட்டுப் படகைக் கவனிக்கலாம். படகின் நடுவில், ஓட்டுபவரின் தலைக்கு மேலே, கல்யாண மண்டப வாசலில் நிறுத்தும் வளைவு மாதிரி ஒரு குழாய் வளைவு நிற்கும். கயிற்றின் மறுமுனை கட்டியிருப்பது அதன் உச்சியில்தான். அதன் பெயர் வேக்போர்டு டவர்.

பார்த்தால் அலங்காரம் போலத் தெரியும். ஆனால், தண்ணீரில் இருக்கும் ஒருவரின் மொத்த இழுப்பையும் வாங்கிப் படகின் உடம்புக்குள் அனுப்புகிற கருவி அது. தப்பான இடத்தில் நிறுத்தினாலோ, தப்பாக முடுக்கினாலோ, கயிற்றின் அந்த முனையில் இருப்பவருக்கும் ஆபத்து, படகுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆபத்து.

வெந்நீர்ப் பாத்திரத்தில் தொடங்கிய கதை

தண்ணீரில் படகின் பின்னால் சறுக்கிப் போகும் ஆசைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1922-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் முதன்முதலாக நீர்ச்சறுக்கு செய்தார். பீப்பாய்ப் பலகை, பனிச்சறுக்குக் கட்டை என்று எதையெதையோ கட்டிப் பார்த்துத் தண்ணீருக்குள் விழுந்தவர், கடைசியில் இரண்டு மரப்பலகைகளின் நுனியை வெந்நீரில் வேகவைத்து, மேல்நோக்கி வளைத்துக் காலில் கட்டிக்கொண்டார். அது வேலை செய்தது!

1985-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் டோனி ஃபின், 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைக் கொண்டுவந்தார். ஸ்கீயும் சர்ஃபும் கலந்த பெயர், கலந்த விளையாட்டு. 1990-களின் தொடக்கத்தில் ஹெர்ப் ஓ'பிரையன் வடிவமைத்த 'ஹைப்பர்லைட்' பலகை வந்ததும் வேக்போர்டிங் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. 1996-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டியிலும் இடம் பிடித்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் பெரிதாகத் தெரிந்தது. நீர்ச்சறுக்குக்காரருக்குத் தாழ்வான கொக்கி போதும், அவர் தண்ணீரை ஒட்டியே போகிறவர். வேக்போர்டுக்காரர் துள்ளுகிறவர். அவர் மேலே எழும்பும் நேரத்தில், தாழ்வான கொக்கியில் கட்டிய கயிறு அவரைக் கீழே இழுக்கும். கயிறு கட்டும் இடத்தை அவருடைய கை உயரத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டால் அந்த இழுப்பு குறையும், காற்றில் நிற்கும் நேரம் கொஞ்சம் கூடும். படகின் நடுவே உயரமான ஒற்றைக் கம்பம் நட்டுப் பார்த்தார்கள். பிறகு நான்கு காலில் நிற்கும் டவர் வந்தது. ஃபுளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் தன் நாட்டிக் வகைப் படகுகளில் அதை ஆலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது.

தாத்தாவின் படகும் பேத்தியின் ஆசையும்

இன்று வேக்போர்டுக்கென்றே செய்த புதிய படகின் விலை பல சமயம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. எல்லோராலும் முடியுமா? அதனால், வீட்டில் இருக்கும் பழைய படகிலேயே தனியாக ஒரு டவர் வாங்கி மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஊர், அதே மினசோட்டா. '10,000 ஏரிகள்' என்று கார் நம்பர் பிளேட்டிலேயே எழுதிக்கொள்ளும் மாநிலம். குளிர்காலம் முழுக்க ஏரிகள் கல்லாக உறைந்து கிடக்கும். பெரும்பாலான ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிய ஏப்ரல் ஆகிவிடும். அதுவரை படகு, டிரெய்லரில் ஏறி வீட்டு கராஜில் தூங்கும். டவர் மாட்டுவதற்கு அதுதான் நேரம்.

படகு 19 அடி நீளம். தாத்தா வாங்கியது. 16 வயது பேத்திக்கு வேக்போர்டு பைத்தியம். அவளுடைய அப்பா அலுமினிய டவர் ஒன்றை வரவழைத்துவிட்டார். பெட்டியைப் பிரித்தால் குழாய்கள், நான்கு கால்களுக்குப் பாதத் தட்டுகள், போல்ட், நட், வாஷர். பாதத்துக்கு மூன்று போல்ட் என்றால் மொத்தம் பன்னிரண்டு துளைகள். தாத்தாவின் படகில் பன்னிரண்டு துளைகள்! போட்டுவிட்டால் போட்டதுதான். ட்ரில்லை எடுத்த அப்பா, மறுபடியும் கீழே வைக்கிறார்.

வைத்ததுதான் சரி. இந்த வேலையில் துளை போடுவது கடைசி. முதல் நாள் முழுக்க டேப்பும் பென்சிலும்தான்.

எங்கே நிறுத்துவது?

"அப்பா, இன்னும் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சா செமையா இருக்கும்" என்கிறாள் மகள். ஆனால், டவரின் இடத்தை அழகு முடிவு செய்வதில்லை. மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன.

முதலாவது, அடியில் என்ன இருக்கிறது என்பது. டவரின் பாதங்கள் படகின் இரு பக்க விளிம்புகளின் மேல் உட்காரும். விளிம்பின் மேல் பக்கம் பளபளவென்று ஒரே மாதிரிதான் தெரியும். அடியில் அப்படியல்ல. ஓரிடத்தில் பெட்ரோல் டியூப் ஓடும். ஓரிடத்தில் ஸ்டீயரிங் கேபிள், இன்னோரிடத்தில் ஸ்பீக்கர் ஒயர். சில இடங்களில் கையே நுழையாது. கை நுழையாத இடத்தில் நட்டை எப்படி முடுக்குவது? அதனால் முதல் வேலை, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்புக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பது. தேவைப்பட்டால் உள் பக்கத்து மெத்தைப் பலகையைக் கழற்றுவது.

இரண்டாவது, முன்கண்ணாடி. டவரின் கால் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஓடும்போது டவர் லேசாக அசையும், தொட்டுக்கொண்டிருந்தால் கண்ணாடி விரிசல் விடும். நடுக்கண்ணாடியைத் திறந்து முன்பக்கம் போகிற வழி அடைபடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் கால் குழாய் கண்ணை மறைக்கக் கூடாது. தண்ணீரில் நீந்துகிற ஒருவரின் தலை, ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும். அது குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு நொடி போதும்.

மூன்றாவது, கயிறு கட்டும் புள்ளி. கயிற்றைப் படகின் பின்கோடியில் கட்டினால், பின்னால் வருபவர் பக்கவாட்டில் வெட்டிப் போகும்போதெல்லாம் படகின் வால் அந்தப் பக்கம் இழுபடும். மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். அதே புள்ளி படகின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தத் திருப்பம் குறையும். அதனால், பார்க்க அழகு என்பதற்காக டவரைக் கண்டபடி பின்னால் தள்ளுவது நல்லதல்ல.

அந்த வீட்டில், முதலில் குறித்த இடத்துக்கு அடியில், இடது பக்கம் பெட்ரோல் ஊற்றும் டியூப் ஓடியது. பத்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்த வேண்டியதாயிற்று. இடது பக்கம் நகர்த்தினால் வலது பக்கமும் அதே அளவு நகர்த்தியாக வேண்டும். மகளுக்கு முகம் சுருங்கியது. ஆனால், டியூபைத் துளைத்துவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட இது மேல்.

மூலைமட்டம் பார்க்கும் கணக்கு

இடம் முடிவானதும் டவரைத் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அளக்க வேண்டும். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுவார்கள். பெயின்ட்டில் கீறல் விழாது, தப்பானால் டேப்பை உரித்துவிட்டு மறுபடி போடலாம்.

ரசமட்டம் வைத்துப் பார்க்கலாமா? டிரெய்லரில் சாய்ந்து நிற்கும் படகில் ரசமட்டம் பொய் சொல்லும். படகையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் வழி. படகின் மூக்கு நுனியிலிருந்து இடது முன்பாதத்துக்கு ஒரு அளவு, வலது முன்பாதத்துக்கு ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு குறுக்களவு: இடது முன்பாதத்திலிருந்து வலது பின்பாதம், வலது முன்பாதத்திலிருந்து இடது பின்பாதம். இரண்டும் சமமாக இருந்தால் டவர் கோணாமல் நிற்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது மேஸ்திரி கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பாரே, அதே கணக்கு.

கடைசியாக, இருபது அடி பின்னால் போய் நின்று கண்ணால் பார்ப்பது. டேப் சொல்லாத கோணலைச் சில சமயம் கண் சொல்லிவிடும்.

நூறு கிலோ எப்படி முந்நூறு ஆகிறது?

கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். கீல் பக்கம் தள்ளினால் திறக்கவே மாட்டேன் என்கும். தூரம் கூடினால் அதே கை பல மடங்கு வேலை செய்கிறது. டவரிலும் நடப்பது அதுதான். ஆனால், இங்கே அது படகுக்கு எதிராக வேலை செய்கிறது.

ஒரு கணக்குக்கு, பின்னால் வருபவர் 100 கிலோ அளவுக்கு இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கயிறு கட்டிய புள்ளி, பாதங்களிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடையே அரை மீட்டர். இழுக்கும்போது டவர் பின்பக்கம் சாயப் பார்க்கும். அதாவது, முன்பாதங்கள் இரண்டும் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். பின்பாதங்கள் விளிம்பை அழுத்தும். 100-ஐ 1.5-ஆல் பெருக்கி 0.5-ஆல் வகுத்தால் 300. இரண்டு முன்பாதங்களும் சேர்ந்து 300 கிலோவைத் தாங்க வேண்டும், ஆளுக்கு 150. அதே பாதங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர் இருந்தால்? அந்த 300, 200 ஆகக் குறைந்துவிடும். டவரின் பாதங்களை எவ்வளவு அகலமாக ஊன்ற முடிகிறது என்பது ஏன் முக்கியம் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

படகின் விளிம்போ ஃபைபர்கிளாஸ். சில மில்லிமீட்டர் கனம்தான். அதில் வெறும் திருகாணியை இறுக்கினால் ஒருநாள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். போல்ட்டை ஊடுருவ விட்டு அடியில் ஒரு சின்ன வாஷரோடு நட் போட்டாலும் போதாது, வாஷரைச் சுற்றியே ஃபைபர் நொறுங்கும். அதனால்தான் விளிம்புக்கு அடியில் பாதத்தைவிடப் பெரிதாக ஓர் அலுமினியத் தட்டு வைத்து, அதன் ஊடாக போல்ட் போடுகிறார்கள். 150 கிலோ ஒரு காசு அகலத்தில் விழாமல், உள்ளங்கை அகலத்தில் பரவுகிறது. ரீல்ஸில் யாருக்கும் தெரியாத இந்தத் தட்டுதான் மேலே மின்னும் டவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

துளை போடும் நாள்

ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சு கண்ணாடி மாதிரி. ட்ரில்லை நேராக அழுத்தினால் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் வெடிப்பு விடும். அதற்கு ஒரு பழைய கைவேலை உண்டு. ட்ரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு மேல்பூச்சை மட்டும் தேய்த்து எடுப்பது, பிறகு நேர்த்திசையில் சின்னத் துளை, அதன்பின் சரியான அளவுத் துளை. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். ஃபைபர் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

சில படகுகளில் ஃபைபருக்கு நடுவே மரம் இருக்கும். துளை வழியாகத் தண்ணீர் போனால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியதும் அதற்குள் புதிதாகத் துளை போடுகிறார்கள். தண்ணீருக்கு மரம் எட்டாது.

போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அதற்கும் ஒரு குணம் உண்டு. எஃகு போல்ட்டில் எஃகு நட்டை வேகமாக முடுக்கினால் இரண்டும் கடித்துக்கொண்டு, முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. மரையில் பசை தடவி, கையாலேயே மெதுவாக முடுக்குவது நல்லது. ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் படகுக்கான சீலன்ட் பூச வேண்டும். ஒரே பாதத்தை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி முடுக்க வேண்டும். கார் டயரை மாற்றுபவர்கள் செய்வது போல.

மாட்டியாயிற்று... அப்புறம்?

மாட்டிய பிறகுதான் பலருக்கு வேறொரு விஷயம் ஞாபகம் வருகிறது: கராஜ் கதவு! அமெரிக்க வீடுகளில் வழக்கமான கராஜ் கதவின் உயரம் 7 அடி. டிரெய்லர்மேல் படகு, படகின்மேல் டவர் என்றால் உள்ளே நுழையாது. அதனால்தான் மடக்கும் டவர்கள் அதிகம் விற்கின்றன. மடக்கினால் என்ன உயரம், எந்தப் பக்கம் மடங்கும், மடங்கும்போது கண்ணாடியில் படுமா என்பதையெல்லாம் துளை போடும் முன்பே அளந்துவிட வேண்டும். தாழ்வான பாலம், தலைக்கு மேலே போகும் மின்கம்பி இவற்றுக்கும் அதே கணக்குதான்.

இருட்டிய பிறகு படகில் எரிய வேண்டிய வெள்ளை விளக்கு எல்லாத் திசைக்கும் தெரிய வேண்டும் என்பது விதி. டவரின் குழாயோ, அதில் மாட்டிய பலகையோ அதை மறைத்தால் எதிரே வரும் படகுக்கு இந்தப் படகு தெரியாது. டவரின் உச்சியிலேயே விளக்கை வைப்பது இதற்காகத்தான்.

எடையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு பதித்திருப்பார்கள். டவர், அதில் மாட்டும் ஸ்பீக்கர், பலகைகள், பெரிய அலைக்காகப் படகில் நிரப்பும் தண்ணீர்ப் பைகள் எல்லாமே எடைதான். உயரத்தில் ஏறுகிற எடை படகைக் கூடுதலாகச் சாய்க்கும். டவரில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதும், அங்கிருந்து தண்ணீரில் குதிப்பதும் கூடவே கூடாது.

அந்த வீட்டின் கடைக்குட்டிக்கு 8 வயது. அவனுக்குக் காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து போக ஆசை. "அதையும் டவர்லயே கட்டுங்கப்பா!" அப்பா மறுக்கிறார். டவர் தயாரிப்பவர்களும் பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள்: டவரில் ஒரு நேரத்தில் ஒருவர், டியூப் கூடாது. டியூப் அலையில் புதைந்தால் இழுப்பு திடீரென்று பல மடங்கு ஏறும். பலகைக்காரர் கயிற்றைக் கைவிட்டுவிடலாம், டியூபோ நேராகக் கயிற்றிலேயே கட்டியிருக்கும், அது விடாது. மேலிருந்து இழுத்தால் டியூபின் மூக்கு தூக்கிக்கொள்வது வேறு. டியூபுக்குப் படகின் பின்பக்கத்து வளையம்தான் சரி.

ஜூன் மாதம். ஏரியில் முதல் நாள். மினசோட்டாவில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் படகில், பின்னால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்க வேண்டும், அல்லது அகலக் கோணக் கண்ணாடி இருக்க வேண்டும். அம்மா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா மணிக்கு முப்பது கிலோமீட்டரில் சீராக ஓட்டுகிறார். மகள் அலையில் ஏறித் துள்ளுகிறாள். சுற்றெல்லாம் இல்லை, ஒரே ஒரு சின்னத் துள்ளல். விழாமல் இறங்குகிறாள்.

"பாத்தீங்களாப்பா?" படகில் ஏறியதும் முதல் கேள்வி.

அப்பா பார்க்கவில்லை. ஓட்டுபவரின் கண் முன்னால்தான் இருக்க வேண்டும். "அம்மா பாத்தாங்க, நல்லா இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு அடியில் குனிகிறார். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். பதினொன்று அசையவில்லை. இடது முன்பாதத்தில் ஒன்று மட்டும் கால் சுற்று சுற்றி இறுகியது.

அதன்பிறகுதான் மகள் இரண்டாவது முறை தண்ணீரில் இறங்கினாள்.